காற்றுப் புகாத வண்டி

மீன் ஏற்றிப்போகும் குளிர்பதன லாரிகளுக்குப் பெட்டி கட்டும் பட்டறையில் அவரைப் பிசின் என்று கூப்பிட்டார்கள். இடுக்குகளை அடைப்பது அவர் வேலை. பெட்டி முடிந்ததும் உள்ளே போய் நிற்பார். வெளியிலிருந்து கதவைச் சாத்துவார்கள். இருட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே பசையை அப்புவார். வேலையில் இருந்த காலம் முழுக்க இதுதான்.

ஓய்வு பெற்றபின் நாள் முழுக்கக் கூடத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் பொண்ணு வீட்டுக்கே போயிடுறேன்" என்றாள் மனைவி. "இங்க சுவத்துக்கிட்ட பேசிப் பேசி எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்."

அது வெறும் பேச்சில்லை. துணிகளை எடுத்து அடுக்கத் தொடங்கியிருந்தாள். அவருக்குக் கெஞ்சத் தெரியாது. பழைய அச்சும் சக்கரங்களும் வாங்கி, காருக்குப் பின்னால் இழுத்துப்போகச் சின்ன டிரெய்லர் ஒன்று கட்டினார். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு மடக்கு மேசை.

"கடலுக்குப் போயிட்டு வரலாம். அப்புறம் உன் இஷ்டம்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஜன்னல் எங்கங்க?"

"கதவு இருக்குல்ல."

"என்னை மீனுன்னு நினைச்சுட்டீங்களா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவள் கிளம்பினாள்.

கடற்கரையில் அவர் பேசினார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, காலை மணலில் புதைத்துக்கொண்டு, அவளே ஆச்சரியப்படும்படி பேசினார்.

"பெட்டிக்குள்ள நிக்கறப்ப என்ன நினைப்பீங்க?"

"ஓட்டை இருக்கக் கூடாதுன்னு நினைப்பேன். ஓட்டை இல்லன்னா பயமா இருக்கும்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கல."

"நான் கேக்காத நாளா! நல்லா இருக்கே கதை."

அன்று சாயங்காலம் மகளிடம் போனில், வருவதைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னாள். அவர் காதில் விழும்படி சொன்னாள்.

மறுநாள் மழை வந்தது. வெளியே கரி அடுப்பு பிடித்துக் கனன்றுகொண்டிருந்தது.

"உள்ள எடுத்துட்டுப் போ. ஒரு சொட்டு இறங்காது" என்றார். அவரே தூக்கி வைத்தார். பால் வாங்கப் போகும்போது கதவையும் அவரே அழுத்திச் சாத்தினார். ரப்பர் பட்டை கச்சிதமாகப் படிந்தது.

மழை விடட்டும் என்று கடையில் நின்றார். கடைக்காரரிடம் டிரெய்லர் கட்டிய கதையைச் சொன்னார். பேச்சு நீண்டது.

திரும்பி வந்து தட்டினார். பதிலில்லை. திறந்தால், அவள் மேசைக்கும் படுக்கைக்கும் நடுவே கிடந்தாள். முகம் சிவந்திருந்தது. மூச்சு இருந்தது. இழுத்துக் காரில் போட்டார். டிரெய்லரைக் கழற்ற நேரமில்லை. கதவு திறந்தபடி அது பின்னால் ஆடி ஆடி வந்தது.

மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டாள். ஆனால் கரிப்புகையின் நஞ்சில் கை நடுங்கியது. சொல்ல வந்த வார்த்தை பாதியில் நின்றது. மகள் வந்தாள்.

"ஒரு ஓட்டை கூடவாப்பா வைக்கல?"

அவர் எழுந்து அறையின் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தார்.

"விடும்மா" என்றாள் மனைவி. "உங்கப்பா வேலை... சுத்தம்."

பிறகு அவரைப் பார்த்தாள். "நான் இவளோட போறேங்க."

"ஜன்னல் வெச்சுடுறேன்."

"வைங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் இன்னும் ஏதாவது கேட்டிருப்பார். அவள் செருப்பு கடற்கரையிலேயே கிடந்தது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு மகள் வந்த காரில் ஏறினாள். பின்னாலேயே மகளும் ஏறிக்கொண்டாள். அவர் கதவை மெதுவாகச் சாத்தினார். சரியாக மூடவில்லை. மகள் உள்ளிருந்து திறந்து, மறுபடி சாத்திக்கொண்டாள்.