வெறுந்தண்ணீர் மூன்று போத்தல்

வியாழன் காலை ஐந்தேகாலுக்குக் கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கி, சாய்ந்தமருதுக் கடற்கரைக்கு ஓட்டோ பிடித்தேன். மூன்று கிலோமீற்றர், முன்னூறு ரூபாய். பையில் மூன்று வெற்றுப் போத்தல்கள். பதுளையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு, முதுமாணிப் பட்ட ஆய்வுக்குச் சத்துக் குறைந்த நடுக்கடல் நீர் வேண்டும். திங்கட்கிழமை அது கையில் இல்லாவிட்டால் இந்த வருடம் போச்சு. படகுக்காரர் மாஹிரை எல்லாரும் காக்கா என்றார்கள், அவர்கள் பேச்சில் அண்ணன். நானும் அப்படியே அழைத்தேன்.

ஏழரை மணி. கரையிலிருந்து படகு பதினெட்டுக் கிலோமீற்றர் வந்தாயிற்று என்றார். அப்படியொரு நீலம். இந்தத் தண்ணீரில் பொஸ்பரஸ் மிகக் குறைவு. இருந்தும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் இதில் வாழ்கின்றன. சில, தம் சவ்வில் பொஸ்பரஸ் இருக்கவேண்டிய இடத்தில் கந்தகத்தை வைத்துச் சமாளித்து, கிடைக்கிற கொஞ்ச பொஸ்பரஸை வேறு வேலைக்கு மிச்சம் பிடிக்கின்றன. பரீட்சையில் எழுதியிருக்கிறேன், நேரில் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. பாசி தேடி வந்தவள் ஏன் வெறுந்தண்ணீரை அள்ளுகிறாள் என்று காக்காவுக்கும் விளங்கவில்லை. போத்தல்களை நிரப்பியதும் தலை சுற்றியது. துவாயால் முகத்தை மூடிப் படுத்துவிட்டேன்.

பத்து இருபதுக்குக் கரை. பையைத் திறந்தால் மூன்று போத்தலும் பச்சை. கரையை அண்டிய பாசித் தண்ணீரைக் கண்டதும், நான் ஏமாந்து போகக்கூடாதென்று காக்கா மாற்றி நிரப்பியிருக்கிறார்.

“அதுல ஒண்டுமில்ல டீச்சர். மீனே வராத தண்ணி. அதான் ஊத்திட்டு நல்லதா அள்ளி வெச்சன்.”

கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும் வந்தன. மணலில் உட்கார்ந்து கந்தகக் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவர் கடலைக் கைகாட்டிக் கேட்டார்.

“அப்ப நாங்க வெறுந்தண்ணி எண்டு உட்டுட்டு வார இடத்திலயும் ஆக்கள் இரிக்காங்களா?”

ஓம் என்றேன். காற்று ஏறிவிட்டது, இனி இன்று கடலில் இறங்க முடியாதாம். மறுநாள் வெள்ளி, ஜும்ஆத் தொழுகை, கடலுக்கு யாரும் போவதில்லை. எனக்கோ பள்ளிக்கூடம். போத்தல்களை அவரிடமே கொடுத்து, சவர்க்காரம் படாமல் கடல்நீரிலேயே அலசி, மறுபடி அந்த நீலத் தண்ணீரையே நிரப்பி பஸ்ஸில் அனுப்பச் சொல்லிவிட்டு, பதினொன்றரைக்குப் பதுளை பஸ்ஸில் ஏறினேன். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்பதும் தெரியவில்லை.

ஞாயிறு காலை காக்கா தொலைபேசியில் அழைத்து ஒரு பஸ்ஸின் நேரத்தைச் சொன்னார். மாலையில் பதுளை நிலையத்தில், ஈரச்சாக்கில் சுற்றிய பொதியை நடத்துனர் என்னிடம் தந்தார். உள்ளே மூன்று போத்தல்கள், எங்கள் மலை ஊற்றுத் தண்ணீரைப் போலத் தெளிவாக. விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. என் கண்ணை நம்புவதா, படித்ததை நம்புவதா என்று மறுபடி குழம்பினேன். ஒவ்வொரு மூடியிலும் காக்கா ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, நீலப் பேனையால் எழுதியிருந்தார்:

“உள்ளுக்கு ஆக்கள் இரிக்காங்க. ஊத்த வேணாம்.”