ஒன்பது வில்லாவும் ஒரு கார் போர்ச்சும்

கோயில் குளம் என்று எழுதிக்கொண்டிருந்தவள் வீட்டு புரோக்கர் ஆகிவிட்டாளா என்று கேட்காதீர்கள். இரண்டு வருஷமாக நாங்கள் போகிற பயணம் இது ஒன்றுதான்: வீடு பார்க்கப் போவது. போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை போனது பன்னிரண்டாவது. திருவனந்தபுரத்தைச் சுற்றிக் கிராமப் பக்கம் புதிதாகக் கட்டும் வில்லாக்களைப் பார்க்க நினைக்கிறவர்கள் இருந்தால், எங்கள் அலைச்சல் உங்களுக்காவது உதவட்டும்.

நாங்கள் இருப்பது ஆரியசாலையில், ஒரு பலசரக்கு மொத்தக் கடையின் மாடியில். கல்யாணமாகி நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த நாளிலிருந்து இந்த வீடுதான். தெருவிலிருந்து மேலே வர ஒடுக்கமான மரப்படி, நடுவில் ஒரு திருப்பம். மூன்று வருஷத்துக்கு முன்னால் கரமனையில் பைக் சறுக்கி என் மகன் கணேஷுக்கு முதுகில் அடிபட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. அவனுக்கு இப்போது இருபத்தேழு வயது. மடிக்கணினியை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து கடைகளுக்கு வரிக் கணக்கு பார்க்கிறான். சம்பாத்தியத்துக்குக் குறைவில்லை. வாசலுக்குப் போகத்தான் முடியாது. கீழே கூரியர்காரர் பெல் அடித்தால் இவன் ஜன்னலிலிருந்து "சேட்டா, போகருதே! போயிராதீங்க!" என்று கத்துவான். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள். அப்போது அவன் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காது.

அதனால் தரைத்தள வீடு தேடினோம். பேயாட்டில் பார்த்தோம், நெய்யாற்றின்கரையில் பார்த்தோம், மலைப்பக்கம் கூடப் போய்ப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் எண்ணெய்க் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். பிளானில் போட்டிருக்கிற அளவை நம்பவே மாட்டார், சட்டைப் பையில் எப்போதும் டேப் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் அவருடைய முதல் கேள்வி, "கார் போர்ச்சு உண்டா?" எங்களிடம் கார் கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் வண்டி ஓட்டப் படித்து லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறார் மனிதர். "அவன நாலு எடத்துக்குக் கூட்டிட்டுப் போணும்லா" என்பார். கார் வாங்கினால் அது வெயிலில் காயக் கூடாது, மழையில் நனையக் கூடாது. பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் வாங்குகிற கதை என்று நான் கேலி செய்வதுண்டு.

இதுவரை பார்த்த பதினோரு வீட்டுக்கும் கணேஷ் வரவில்லை. வர வேண்டுமென்றால் அவனைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். "என்னை மூட்டை மாதிரி தூக்காண்டாம்" என்று விடுவான். நாங்கள் போய்ப் போட்டோ எடுத்து வந்து காட்டுவோம். "நல்லாருக்கு" என்பான், அதோடு சரி. பன்னிரண்டாவதான இந்த ஒன்பது வீட்டு வில்லா பிடித்தால் அன்றைக்கே முன்பணம் கொடுக்க இவர் தயாரானபோதுதான், "குடுக்கதுக்கு முன்ன நான் ஒரு தடவ பாக்கணும். நானும் வாறேன்" என்றான். உடனே கீழே இறங்கிப் போய் ஆள் சொல்லி வைத்தேன்.

காலை எட்டு மணிக்குக் கீழ்க்கடையில் சுமை இறக்கும் சுகுமாரனும் மணியனும் மேலே வந்தார்கள். அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள், இவனைத் தூக்கும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக வைத்தார்கள். திருப்பத்தில் கணேஷின் முழங்கை சுவரில் உரசியது.

"வேதனிச்சோ மோனே?" என்று மணியன் கேட்டார்.

"இல்லண்ணே. கடைக்காரர் பாத்தா எனக்கும் எறக்குகூலி போட்டுருவாரு, சீக்கிரம் எறக்குங்க" என்றான். எல்லாரும் சிரித்தோம். அவன் கழுத்து வேர்த்துக் கொட்டியிருந்தது.

சக்கர நாற்காலி மடக்கி வைக்க இடம் வேண்டும் என்பதால் வேன் பேசியிருந்தோம். போகவர இரண்டாயிரத்து இருநூறு, காத்திருப்பு உள்பட. டிரைவர் ஷாஜி நல்ல மாதிரி. முதலில் பழவங்காடிக்கு விடச் சொன்னார் இவர். ஒவ்வொரு வீடு பார்க்கப் போகும்போதும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பது வழக்கம். பன்னிரண்டாவது தேங்காய். பிள்ளையாருக்கே அலுத்துப் போயிருக்கும். வேனை நிறுத்த இடமில்லாமல் ஷாஜி இரண்டு சுற்று சுற்றி வந்தார்.

பழவங்காடியிலிருந்து கிளம்பும்போது எட்டே முக்கால். கிள்ளிப்பாலம், கரமனை, நேமம் வழியாகப் பாலராமபுரம் பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் பாலராமபுரம் ஜங்ஷனைத் தாண்டவே அரைமணி நேரம் ஆயிற்று, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து விழிஞ்ஞம் சாலையில் திரும்பினால் எதிரே கல் லாரியும் மண் லாரியும் ஓயாமல் வருகின்றன. துறைமுகம் வந்த பிறகு இந்தப் பக்கத்து மண்ணுக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. நாலு கிலோமீட்டர் போய் இடது பக்கம் பஞ்சாயத்து ரோட்டில் இறங்கினால் ரப்பர், மரச்சீனி, வாழை, நடுவில் திடீரென்று வெள்ளை வெளேரென்று ஒன்பது வீடு. ஊர்ப் பெயரையும் கம்பெனிப் பெயரையும் எழுதப் போவதில்லை. சாவி இன்னும் கைக்கு வரவில்லை.

வில்லா வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, "வில்லாக்காரா?" என்று கேட்டாள். வீடு வாங்க வருகிறவர்களுக்கு ஊரில் அதுதான் பெயர் போலிருக்கிறது. கணேஷை இறக்கி உட்கார வைத்ததும், "இங்ஙோட்டு போரே மோனே, கடைக்குப் படியில்ல" என்று உள்ளே கூப்பிட்டாள். அவன் தானே உருட்டிக்கொண்டு போய் ஒரு கட்டன் சாயா வாங்கிக் குடித்தான். வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. எனக்குத் திரும்பிப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

கம்பெனியின் சார்பில் ரெம்யா என்ற பெண் வந்தாள். சின்ன வயது, பேச்சு பழகியிருந்தது. ரப்பர் தோட்டத்தை வெட்டிச் சமப்படுத்திய இடம், உள் ரோடு மேடு பள்ளமில்லாமல் கல் பதித்திருக்கிறது, அதைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. மாதிரி வீட்டின் முன்னால் போய் நின்றோம். சிட்அவுட் என்கிற முன்திண்ணைக்கு ஏற மூன்று படி. பளபளவென்று கருப்புக் கிரானைட். பக்கத்தில் கார் போர்ச், தரையோடு தரையாக.

கணேஷ் போர்ச்சையும் படியையும் மாறி மாறிப் பார்த்தான். "காரு நேரா உள்ள போவுது. மனுஷன்தான் ஏறணும். காராப் பிறந்திருக்கலாம்மா" என்றான்.

படிக்கு மேலே ஒரு சாய்தளம் போட்டுத் தர முடியாதா என்று இவர் கேட்டார். ரெம்யா போனில் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தாள். "ஒன்பது வீட்டுக்கும் முன்வசம் ஒரேபோல இருக்கணும் சார், அது எல்லா ஓணர்மாருக்கும் குடுத்த வாக்காணு. பின்ன, முன்முற்றம் பத்தடி தானே உள்ளூ. ரேம்ப் வச்சா வல்லாத்த குத்தனையாகும், செங்குத்தா நிக்கும்." கொஞ்சம் யோசித்து, "பின்னாலே அடுக்களைப் பக்கம் ஒர்க் ஏரியா வழி செய்து தராம். கேஸ் சிலிண்டர் கொண்டுபோகும் வழி அதாணு, நல்ல அகலம் உண்டு" என்றாள். குறை சொல்ல முடியாது, அவளால் முடிந்ததைச் சொன்னாள்.

"சிலிண்டரும் நானும் ஒரே வழியா?" என்று கணேஷ் சிரித்துக்கொண்டே கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வீடு. எல்லா வீட்டிலும் இதே மூன்று படியைத்தான் பார்த்திருக்கிறோம், போட்டோவில் அது பெரிதாகத் தெரிந்ததில்லை. நான் அங்கே கிடந்த செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அவனைக் காணோம். ஏழாம் நம்பர் வீடு பாதி வேலையில் கிடந்தது. பூச்சு முடியவில்லை, முன்படி இன்னும் கட்டவில்லை. எட்டாம் நம்பர் இடம் வெறும் மண். அந்த மண்ணிலிருந்து ஏழாம் வீட்டு வாசல்வரை நீளமாகப் பலகை அடித்துச் சாய்த்திருந்தார்கள், சிமெண்டுக் கலவை தள்ளுவண்டி ஏறுவதற்கு. ஒரு வங்காளத்துத் தொழிலாளி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறியதை இவன் பார்த்திருக்கிறான். இப்போது அதே பலகையில் இவன். பாதியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினான். அந்தத் தொழிலாளி பின்னால் கை வைக்க வந்தபோது, "வேண்டா பாயி, வேண்டா" என்றான். சக்கரம் பலகை விளிம்புக்குப் போனபோது செங்கல் அடுக்கைவிட்டு எழுந்துவிட்டேன். கூப்பிட வாயெடுத்தேன். இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

உள்ளே போய்விட்டான். ஹால், அறை, சமையல்கட்டு என்று சக்கரம் சிமெண்டில் கரகரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவில்லாத முன்வாசலுக்கு வந்து நின்றான். கையெல்லாம் சிமெண்டு.

"வாங்கப்பா. வாங்கம்மா. உள்ள வாங்க, ஏன் வெயில்ல நிக்கியோ?"

மூன்று வருஷத்தில் எங்களை அவன் ஒரு வாசலில் நின்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் அழுதுவிட்டேன். அந்தப் பெண் முன்னால் அழக் கூடாது என்று பார்த்தும் முடியவில்லை.

"எங்களுக்கு இந்த வீடு போதும். இந்தப் பலகை கெடக்க எடத்துல சாய்தளம் கட்டித் தந்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் இவர். ரெம்யாவுக்குச் சங்கடமாகிவிட்டது. பலகையின் முக்கால் பாகம் எட்டாம் நம்பர் மனையில் கிடக்கிறது, அதை வேறொருவர் வாங்கியாயிற்று, அங்கே வேலை தொடங்கும்போது பலகையை எடுத்துவிடுவார்கள் என்றாள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே மதில் வரும். கணேஷ் அதே பலகையில் இறங்கி வந்தான். இந்தத் தடவை பாயியைப் பின்னால் பிடிக்க விட்டான். ஷாஜி வேன் கதவைத் திறந்து வைத்துவிட்டார். போகலாம் என்று நான் கிளம்பினேன், கால் எடுத்து வைக்கவே பாடாக இருந்தது.

இவர் வரவில்லை. ஏழாம் நம்பர் வீட்டின் கார் போர்ச்சுக்குள் டேப்பும் கையுமாகக் குனிந்துகொண்டிருந்தார். "லேய் மக்கா, இந்த நுனியப் பிடி" என்று கணேஷைக் கூப்பிட்டார். கேட் வரும் இடத்தில் அவன் நுனியைப் பிடிக்க, இவர் உள்சுவர் வரை இழுத்துக்கொண்டு போனார். இருபத்துமூன்று அடி. சிட்அவுட்டின் உயரம் ஒன்றரை அடி. கணேஷ் மனசுக்குள் கணக்குப் போட்டான். சக்கர நாற்காலிக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டுமாம். ஆக, பதினெட்டு அடி. மேலே போய்ச் சிட்அவுட்டுக்குத் திரும்ப ஐந்தடி மிச்சம். மேலே கூரையும் இருக்கிறது, மழை படாது. ரோட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு முன்பக்கம் மற்ற எட்டு வீடு மாதிரியேதான் இருக்கும்.

ரெம்யா மறுபடி மேனேஜருக்குப் போன் போட்டாள். போர்ச்சுக்குள்ளே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், வெளித்தோற்றம் மாறாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டாராம். போனை வைத்துவிட்டு அவளே கேட்டாள், "அப்போ சார், காறு எவிடெ நிறுத்தும்?"

கணேஷ் டேப்பின் நுனியை இன்னும் விடவில்லை. "அப்பா, நீங்க ஒவ்வொரு வீட்டுலயும் இதத்தானே மொதல்ல கேட்டியோ" என்றான்.

"கேட்டேன். இப்ப இருக்குல்லா" என்று டேப்பைச் சுருட்டினார் இவர். "காரு ரோட்டுல கெடக்கட்டும். நனஞ்சா தொடச்சுக்கிடலாம். நீ உள்ள வா மக்கா."

முன்பணத்துக்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது பன்னிரண்டரை. திரும்பும் வழியில் இவர் ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நேமத்தில் டீசலுக்காக நிறுத்தியபோது, "பரவாயில்ல, மூடுற கவர் ஒண்ணு கிடைக்குமாம்" என்று மட்டும் சொன்னார். ஆரியசாலை வந்து சேர ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. சுகுமாரனும் மணியனும் கடை நிழலில் காத்திருந்தார்கள். தூக்க ஆரம்பித்ததும் கணேஷ் சொன்னான்: "அண்ணே, இதுதான் கடைசி ஏத்து. இனி ஒரு தடவ எறக்குனாப் போதும்."

போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெயில் காலத்தில் எட்டு மணிக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். மாதிரி வீட்டோடு திரும்பி வராதீர்கள், பாதி வேலையில் கிடக்கிற வீட்டுக்குள்ளும் நுழைந்து பாருங்கள். முற்றத்தின் நீளத்தை நீங்களே அளந்து பாருங்கள். அந்த வீட்டில் யார் அதிகம் இருக்கப் போகிறார்களோ அவர்களை எப்பாடு பட்டாவது கூட்டிப் போங்கள். விலையை மட்டும் கேட்காதீர்கள், சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போர்ச்சுக்குள் சாய்தளம் போட்டு முடித்துவிட்டதாகப் போன வாரம் ரெம்யா படம் அனுப்பியிருந்தாள். ஓணத்துக்கு முன்னால் சாவி தருவார்களாம்.

நீங்கள் அந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். வாசலில் கார் நின்றால் பக்கத்தில் ஒதுங்கி வாருங்கள். பெல் அடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், போய்விடாதீர்கள். கதவைத் திறக்க அவன் வருவான்.