நெல்லுக்குள் வைத்த போன்

அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் அந்தப் பழைய செல்போனைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். அதன் கண்ணாடிக்குள் ஓர் உமி சிக்கிக்கொண்டிருக்கிறது. ஊதினாலும் போகாது, தட்டினாலும் போகாது. அதை வைத்திருந்தவளுக்கும் அதே பிடிவாதம்தான். அவள் என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்காவின் கணவர் வளைகுடாவில் இருந்தார். அவர் பேசுவதென்றால் பாபநாசத்தில் மாமனாரின் உரக்கடைக்குத்தான் போன் வரும். யூரியா வாங்க வந்தவர்கள் மூட்டைமேல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே மாமனார் நிற்பார். அக்கா "நல்லா இருக்கேன், சாப்டீங்களா?" என்பதையே வருஷக்கணக்கில் பேசினாள். கட்டிய புருஷனோடு பேசச் சபை கூட்ட வேண்டுமா? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் ஒருமுறை விடுப்பில் வந்தபோது தஞ்சாவூரில் அவளுக்கென்று ஒரு செல்போன் வாங்கி, வாரண்டி அட்டையோடு கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் கொல்லைப்புறத்தில் அக்கா சிரிக்கிற சத்தத்தையே நான் கேட்டேன்.

அந்த வருஷம் குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் ஓதம். நமுத்துப்போகாமல் இருக்கத் தீப்பெட்டியை அரிசிக்குள் புதைத்து வைப்பது எங்கள் வழக்கம். அதே நினைப்பில் அக்கா போனைக் கூடத்தில் கொட்டியிருந்த நெல்லுக்குள் புதைத்து வைத்தாள். அந்த நெல்லோ, ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல். ஈர நெல் குவியலாகக் கிடந்தால் உள்ளே சூடேறி வியர்க்கும். நெல்லிலேயே புரண்டு வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது அன்றைக்கு உறைக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் பனி படிந்திருக்கிறது, போனில் உயிர் இல்லை.

பொம்பளைக்கு எதற்குத் தனிப் போன், இனி பழையபடி கடைக்கே பேசட்டும் என்று மாமனார் முடித்துவிட்டார். அக்கா போனையும் வாரண்டி அட்டையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் கூடவே போனேன்.

தஞ்சாவூர் சர்வீஸ் சென்டரில் டை கட்டிய பையன் போனைப் பிரித்து, உள்ளே ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினான். வெள்ளையாக இருக்க வேண்டியது ஈரம் பட்டுச் சிவந்திருக்கிறது, அதனால் வாரண்டி கிடையாது என்றான். அக்கா எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். அவன் காதில் வாங்காமல் 'தண்ணீரில் விழுந்தது' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டான்.

"நெல்லு ஈரம்னு கொள்முதல்ல திருப்பி அனுப்புறாங்க. காய வச்சுக் கொண்டு போனா எடுத்துக்குறாங்க" என்றாள் அக்கா. "அவங்ககூட, நெல்லை ஆத்துல முக்கிக் கொண்டாந்தேன்னு சொன்னதில்லைங்க. விழாததை விழுந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேனேஜர் வந்தார். அவரும் அதே பாட்டைத்தான் பாடினார். பிரித்துப் போட்டதையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு அக்கா எழுந்துவிட்டாள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவில் விற்கிற சாமானில் ஈரமே படக்கூடாது என்று எழுதிய புண்ணியவான் ஓர் ஐப்பசி மாதம் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்கட்டும்.

மழை விட்டது. அக்கா மொட்டை மாடியில் நெல்லைக் காயப்போட்டாள், அதன் ஓரத்திலேயே ஒரு துண்டை விரித்துப் போனையும் காயப்போட்டாள். நெல்லைக் கிண்டிவிடும்போதெல்லாம் அதையும் திருப்பிப் போட்டாள். கடித்தால் நெல் 'கடுக்'கென்று ஒடியும் பதம் வந்த அன்று போனின் பாகங்களை மறுபடி சேர்த்துப் பூட்டினாள். உமி உள்ளே போனது அப்போதுதான். விளக்கு எரிந்தது. ஆனால் காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் மட்டும் ஊருக்கே கேட்டது. இதற்குக் கடை போனே தேவலை என்று மாமனார் சிரித்தார்.

கணவரின் அடுத்த அழைப்பு சம்பா நடவு அன்று வயலில் இருக்கும்போது வந்தது. அக்கா வரப்பில் ஏறி நின்றாள். சேற்றில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். எதிர் வரப்பில் குடையோடு மாமனார்.

"நல்லா இருக்கியா?" என்றது போன்.

"நல்லா இல்லைங்க. சம்பாரிச்சது போதும், கெளம்பி வாங்க."

போனில் குரல் தணிந்தது. "பக்கத்துல யாரும் இல்லையா?"

"எல்லாரும் இருக்காங்க. கேக்கட்டும்."

மாமனார் குடையை மடக்கிக்கொண்டு நடந்தார். அடுத்த அறுப்புக்கு அக்காவின் கணவர் ஊரில் இருந்தார்.

இன்று என் கையில் இருக்கும் போனைத் தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாதாம். என் மகன் அதில் துபாயிலிருந்து முகம் பார்த்துப் பேசுகிறான். நேற்று அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். வழக்கம்போல 'நல்லா' என்பது வரை வாயில் வந்துவிட்டது. இன்னொரு கையில் அந்தப் பழைய போன், அதற்குள் அந்த உமி.

"நல்லா இல்லடா" என்றேன். "வந்து பாத்துட்டுப் போ."