புகை வராத வண்டி

கணபதியில் சத்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அப்போது குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை நான் இட்லிச் சட்டியை இறக்குவதற்குள் வாசலில் வண்டிப் பேச்சு தொடங்கிவிடும். என் கணவர் பம்ப் செட் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அங்கேயே லேத் பிரிவில் இருந்த அவருடைய சிநேகிதர், வாரம் தவறாமல் வந்துவிடுவார்.

என் கணவருடையது பழைய டூ ஸ்ட்ரோக். மைசூரில் செய்த வண்டி. இரண்டு பக்கமும் சைலன்சர். உதைத்து ஸ்டார்ட் செய்கிற லீவரை மடக்கிவிட்டால் அதுவே கியர் லீவர். சிநேகிதரும் பல வருஷம் அதே வண்டியைத்தான் வைத்திருந்தார். பிறகு அதை விற்றுவிட்டு, ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து இங்கே செய்கிற புது ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்றை வாங்கினார். என் கணவருக்கு அது கட்சி மாறியதைப் போல.

"தையல் மிஷினாட்டம் சத்தம் வருது மாப்ள. நீ சந்துக்குள்ள வாரது நாய்க்குக்கூடத் தெரியறதில்ல" என்பார் இவர்.

"உன்றது வாரது அன்னூருக்கே கேக்குது. பொகையப் புடிச்சுட்டே வந்தா ஊடு வந்துரும்."

"என்றத ரெண்டு ஸ்பேனரு இருந்தா ரோட்டோரம் உக்காந்தே பிரிச்சு மாட்டிப்போடுவேன். உன்றது நின்னுபோச்சுன்னா அந்தக் கருப்புக் கரண்டு டப்பாவத் தொறந்து என்னத்தப் பாப்ப?"

"நின்னாத்தான பாக்கோணும்."

இப்படியே மைலேஜ், தகரத்தின் கனம், சென்னையில் செய்கிற கனத்த வண்டியின் இழுவை என்று பத்தரை மணி வரை போகும். நான் காபி கொடுக்கும்போதும் தேங்காய் துருவும்போதும் காதில் விழுந்ததில் பாதி புரியாது. ஒரே ஒரு விஷயம் மட்டும் புரிந்தது. அது புரிந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

பழைய வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். பங்க்கில் நாம்தான் கேட்டு ஊற்றச் சொல்ல வேண்டும். ஊற்றிய பிறகு வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிக் கலக்க வேண்டும். அந்த ஆயில் எரிவதால்தான் நீலப் புகை. ஆயில் போகவில்லை என்றால் உள்ளே பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பின் சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

"நின்னா என்னாகும்?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"ஒன்னும் ஆகாது அம்மணி" என்றார் என் கணவர். "கிளச்சப் புடிச்சுட்டாப் போதும், வண்டி பாட்டுக்கு உருண்டு போயிரும். என்ற ரெண்டு வெரலு எப்பவும் கிளச்சு மேலதான் இருக்கும்."

"புடிக்க ஒரு நொடி லேட்டாச்சுன்னா வண்டி படுத்துரும்ங்க அம்மணி" என்றார் சிநேகிதர், காபியை ஆற்றிக்கொண்டே. "அதுக்குத்தான் நான் தல முழுகிட்டேன்."

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அவள் உட்காரும் இடம் பெட்ரோல் டேங்க்கின் மேல். அப்பாவின் இரண்டு கைகளுக்கு நடுவில், ஹாண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளே ஓட்டுவதாக நினைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு பின்னால் உட்காரும்போதெல்லாம் நான் அவருடைய தோளுக்கு மேலாக எட்டி இடது கையைப் பார்த்துக்கொண்டே வருவேன். இதைச் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை. படித்தவள்தானே, இப்படியெல்லாம் பயப்படலாமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். படித்ததால்தான் பயமோ என்றும் தோன்றும்.

சிநேகிதருடைய அக்கா குழந்தைக்குச் சத்தியமங்கலத்தில் காது குத்து. ஞாயிற்றுக்கிழமை விடியக் கிளம்பினோம். அவருடைய வீட்டார் முதல் நாளே போய்விட்டதால் அவர் தனியாக வந்தார். அன்னூரில் டீ குடிக்க நிறுத்தியபோது பழைய பேச்சு மறுபடி தொடங்கியது.

"வாயில பேசி என்ன மாப்ள, ஓட்டிப் பாரு. குடும்பத்த வெச்சு ஓட்டிப் பாரு. குறுக்கு வலிக்குதா இல்லியான்னு அம்மணி சொல்லட்டும்" என்று சாவியை நீட்டினார் சிநேகிதர்.

மாற்றிக்கொண்டார்கள். புது வண்டியில் நாங்கள் மூவரும், எங்கள் வண்டியில் அவரும். எனக்கு அந்தப் பயணம் பிடித்திருந்தது என்பதை என் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அதிர்வில்லை. முந்தானையால் பாப்பாவின் மூக்கைப் பொத்த வேண்டியதில்லை. சத்தியில் இறங்கியதும் "எப்படி?" என்றார். "பரவால்லீங்க" என்று மட்டும் சொன்னேன்.

சிநேகிதர் எங்களுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். "ரிசர்வ்ல வந்துருச்சு மாப்ள. டேங்க்க ரொப்பிப்போட்டேன். மாமன் சீர்னு வெச்சுக்க" என்று சொல்லிச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். பந்தலுக்குள் போய்விட்டோம்.

சாப்பிட்டு முடித்து மூன்று மணிக்கு மேல் திரும்பினோம். இப்போது அவரவர் வண்டி அவரவரிடம். சிநேகிதர் வேகமாக முன்னால் போய்விட்டார். பவானி ஆற்றுப் பாலம் தாண்டியதுமே பாப்பா டேங்க்கின் மேல் தூங்கிச் சரிந்தாள். "எங்கிட்டக் குடுங்க" என்றேன். "எழுப்பாத, தூங்கட்டும்" என்று இடது கையால் அவளை மார்போடு அணைத்துக்கொண்டார். வலது கை மட்டும் ஹாண்டிலில்.

கிளச்சின் மேல் எந்த விரலும் இல்லை.

புளியம்பட்டி தாண்டி ஒரு லாரிக்காக வேகத்தைக் குறைத்தார். வழக்கமாக அப்படிக் குறைக்கும்போது புகை பின்னாலிருந்து சுற்றி வந்து முகத்தில் அடிக்கும். கை தன்னால் முந்தானையை எடுத்தது. எடுத்த பிறகுதான் தெரிந்தது, அடிக்க ஒன்றுமில்லை.

திரும்பிப் பார்த்தேன். ரோடு தெளிவாக இருந்தது. தூரத்தில் வந்த பஸ்ஸின் போர்டைக்கூடப் படிக்க முடிந்தது.

காற்று பக்கவாட்டில் அடிக்கிறதோ என்று நினைத்தேன். காலையில் புது வண்டியில் வந்ததால் வாசனை மறந்துவிட்டதோ. பந்தியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு மூக்கு அடைத்துக்கொண்டதோ. ஒவ்வொன்றுக்கும் நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். டேங்க்கை நிரப்பினேன் என்றார் சிநேகிதர். ஆயில் ஊற்றினேன் என்று சொல்லவில்லை. ஆனால் யார் அதைத் தனியாகச் சொல்வார்கள்? பெட்ரோல் போட்டேன் என்றால் ஆயிலும் சேர்த்துத்தானே. பல வருஷம் அந்த வண்டியையே ஓட்டியவர். அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது?

"இன்னைக்கு என்னமா இழுக்குது பாரு" என்றார் என் கணவர், முகத்தைப் பாதி திருப்பி. "அந்த டப்பா வண்டில போய்ட்டு வந்ததுல இவனுக்கு ரோசம் வந்துருச்சு."

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். காலையில் நான் சொன்ன "பரவால்லீங்க" அவருக்கு உறுத்தியிருக்கும் என்று தெரியும். இப்போதும் போய் வண்டியைக் குறை சொல்ல வேண்டுமா?

மேட்டில் ஏறும்போது எஞ்சினிலிருந்து புதிதாக ஒரு சத்தம் வந்தது. கண்ணாடி வளையல்களை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல. கால் பக்கம் வழக்கத்தைவிட அனல். எங்களுக்குப் பின்னால் கரும்பு ஏற்றிய லாரி ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது. குழந்தையின் தலை அவருடைய முழங்கை மடிப்பில் ஆடிக்கொண்டிருந்தது.

சேலை சக்கரத்தில் மாட்டுகிறது என்று சொன்னால் உடனே நிறுத்துவார். ஆனால் பதறிப் பிரேக் பிடிப்பார், பின்னால் லாரி. புகை வரவில்லை என்று சொன்னால் சிரிப்பார். சிரித்து முடிக்கும்வரை வண்டி ஓடும். லாரி எங்களைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தேன். அந்த நேரம் முழுவதும் அவர் சட்டையை முறுக்கிப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. பிறகு பார்த்தால் கசங்கிக் கிடந்தது.

"ஏனுங்க, கொஞ்சம் மெதுவா ஓரங்கட்டுங்க. வயிறு பெரட்டுது."

அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே, "மறுபடியுமா?" என்றார். இரண்டாவது குழந்தையோ என்ற நினைப்பில், பயமா மகிழ்ச்சியா என்று தெரியாத குரல்.

வாழைத் தோட்டம் ஒன்றின் வேலியோரம் வண்டி நின்றது. முதல் வேலையாகக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் சொன்னேன். "வண்டில பொகையே வரலீங்க."

"நேத்து வரைக்கும் பொகை வருதுன்னு திட்டுன."

"வரோணுமில்லீங்க?"

சிரித்தபடிதான் டேங்க் மூடியைத் திறந்தார். விரலை நனைத்துக் கட்டை விரலோடு தேய்த்தார். ஆயில் கலந்திருந்தால் வழுக்கும் என்று எனக்கும் தெரியும். மறுபடி நனைத்தார், மறுபடி தேய்த்தார். பெட்ரோல் காய்ந்து விரல் வெள்ளையாகிவிட்டது. எஞ்சின் மேல் கையைக் கொண்டுபோனவர் தொடாமலே இழுத்துக்கொண்டார். சூடான இரும்பு 'டிக் டிக்' என்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

"எப்ப இருந்து?" என்றார்.

"புளியம்பட்டில இருந்துங்க."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. குழந்தையின் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு எடுத்தார்.

எங்களைக் காணாமல் சிநேகிதர் திரும்பி வந்தார். இவர் வண்டியை விட்டு நகராமலே கேட்டார். "பங்க்குல ஆயிலு போட்டியா மாப்ள?"

சிநேகிதர் புது வண்டியின் சாவியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "ஆயிலு கேக்கற பழக்கமே உட்டுப்போச்சு மாப்ள. ரொப்புன்னு சொன்னேன், ரொப்பிட்டான்" என்றார். சற்றுக் கழித்து, "ஒருத்தன் மறந்தா ஆளக் கொல்ற வண்டிய வெச்சுட்டு..." என்று ஆரம்பித்தார்.

"மறந்தது வண்டியா?"

"அதச் சொல்லல மாப்ள."

"வேற எதச் சொன்ன?"

அவர்கள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வாசலில் பேசும்போது ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவார்கள். இப்போது இரண்டு பேரும் என் தோளில் தூங்குகிறவளைப் பார்த்துப் பேசினார்கள். பிறகு சிநேகிதர் ஆயில் வாங்க அன்னூருக்குப் போனார். அந்த வழியாக வந்த கோயம்புத்தூர் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, என்னையும் பாப்பாவையும் ஏற்றிவிட்டார் என் கணவர். அவர் ஆயிலைக் கலந்து, எஞ்சினை ஆறவிட்டு, மெல்ல ஓட்டி வீடு வந்து சேரும்போது வாசல் லைட்டைப் போட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவரே எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். பளபளப்பாக இருக்க வேண்டிய பக்கத்தில் நகத்தால் கீறியதைப் போலக் கோடுகள். சிநேகிதரும் வந்திருந்தார். அந்தக் கோடுகளை வைத்தும் பழைய பேச்சைத் தொடங்கிவிட்டார்கள்.

"இன்னும் பத்துக் கிலோமீட்டரு தாங்கியிருக்கும்" என்றார் இவர்.

"இன்னொரு மேடு வந்திருந்தா தாங்காது மாப்ள."

"தேய்ச்சுட்டு மறுக்காப் போடலாம். புதுசுன்னா இந்நேரம் மொத்த எஞ்சினும் போயிருக்கும்."

"புதுசுன்னா இது நடந்தே இருக்காது."

நான் காபி டம்ளர்களைக் கீழே வைத்தேன். "பாப்பாவ இனிமே அந்த வண்டில ஏத்த மாட்டேனுங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. சிநேகிதர் டம்ளரைப் பார்த்தார். என் கணவர் பிஸ்டனைத் துணியில் சுற்றிக்கொண்டே, "செரி" என்றார். அவ்வளவுதான். கோபமா வருத்தமா என்று இரண்டு நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அதிகமாகப் பேசிவிட்டேனோ, நாலு பேர் பிழைக்கிற மாதிரி நாமும் பிழைத்துப் போயிருக்கலாமோ என்றெல்லாம் நினைத்தேன். சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

அடுத்த மாதம் கொடுமுடிக் கோயிலுக்குப் போனோம். ஈரோட்டில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் நானும் பாப்பாவும் பஸ்ஸில். சரிசெய்த வண்டியில் அவர் பின்னாலேயே வந்தார். ஜன்னல் வழியாகப் பாப்பா "அப்பா, அப்பா" என்று கை காட்டுவதும், அவர் லைட்டைப் போட்டுக் காட்டுவதுமாகக் கொஞ்ச தூரம் போனது. பிறகு ஓரிடத்தில் அவர் எங்களை முந்திக்கொண்டார். டிரைவருக்கு அது பொறுக்கவில்லை. விடாமல் ஹாரன் அடித்தபடி, எதிரே ஒரு வேன் வரும்போதே, பஸ்ஸை அவர் பக்கமாக ஒடித்தார்.

வண்டி தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்குவதைப் பார்த்தேன். ஒரு ஆட்டம். அதற்குமேல் புழுதிதான். பஸ் போய்க்கொண்டே இருந்தது. நான் எழுந்து நின்று கண்டக்டரைக் கூப்பிட்டேன். "நிறுத்துங்க. அவுரு என்ற வீட்டுக்காரருங்க."

"ஸ்டாப்பிங்ல நிக்கும்ங்க. உக்காருங்க, கொழந்தைய வெச்சுட்டு" என்றார் அவர்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின் கண்ணாடியில் ஒரு புள்ளி தெரிந்து பெரிதாகும்வரை நான் உட்காரவில்லை. குழந்தைக்குப் பத்திரமான இடம் என்று நான் தேர்ந்தெடுத்த பஸ்தான் அவரை மண்ணில் தள்ளியது என்பது இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

கொடுமுடி பஸ் ஸ்டாண்டில் அவர் முட்டி வரை புழுதியோடு வந்து நின்றார். "உன்ற டிரைவரு நல்லாத்தான் ஓட்டறாரு" என்றார். பாப்பா என் இடுப்பிலிருந்து டேங்க்கை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள். கோயில் அங்கிருந்து பக்கம்தான். அவர் கையை நீட்டவில்லை, என்னைப் பார்த்தார்.

"எஞ்சின நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தினார். பாப்பாவை டேங்க்கின் மேல் உட்காரவைத்தேன். அவர் ஹாண்டிலைப் பிடித்து வண்டியைத் தள்ளினார். நான் அவள் முதுகில் கை வைத்தபடி கூட நடந்தேன். பூக்கடைக்காரி ஒருத்தி, "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க" என்றார் என் கணவர். "நல்லாத்தான் இருக்குது."