மதலைமுத்துவின் பந்து, ஷங்கரின் சிடி

மதலைமுத்து அடித்தால் பந்து சொன்ன இடத்தில் போய் உட்காரும். இதில் இரண்டாவது பேச்சே கிடையாது. தொம்மலூர் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் பெரிய மனிதர்களின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் கேடியாகத்தான் அவர் ஆரம்பித்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். எவன் முன்னாலும் கைகட்டி நின்று ஆட்டம் கற்றுக்கொண்டவர் இல்லை. யாரோ ஒடித்து எறிந்த ஸ்டிக்குக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கைப்பிடி போட்டு, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே தானாக அடித்து அடித்துக் கற்ற கை அது. திங்கட்கிழமைதோறும் மைதானத்துக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் பை தூக்குகிறவர்கள் ஆடிக்கொள்ளலாம். அந்தத் திங்கட்கிழமைகளில் அவரை ஜெயித்தேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல ஒருத்தன் இல்லை. அந்தக் கையை வைத்துத்தான் பந்து அடிக்கச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகி, அடுகோடியில் சொந்தமாக வீடும் கட்டினார். ஒரு செங்கல்கூட அடுத்தவன் தயவில் வந்ததில்லை.

ஒரே ஒரு குறை. அவர் அடிப்பதைக் கண்கொண்டு பார்க்க முடியாது. முழங்கை கோழி இறக்கை மாதிரி வெளியே விரியும், முழங்கால் மடங்கும், பல் தெரியும். ஈர ஜமுக்காளத்தைத் துவைக்கிற கல்லில் ஓங்கி அறைவது போல் ஓர் அறை. அறைந்த வேகத்தில் ஒற்றைக் காலில் ஒரு தத்தலும் உண்டு. பந்துக்கு அதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குக் குழியில் நட்ட கொடியைத் தேடிப் போகும்.

ஷங்கர் அதே மைதானத்தில் பை தூக்கி வந்தவன்தான். மதலைமுத்துவைவிட வயதில் சின்னவன், அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அவன் ஸ்டிக்கைச் சுழற்றி முடித்து நின்றால் துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மை கெட்டது, அவ்வளவு அழகு. பந்து மட்டும் வாழைப்பழம் மாதிரி வலது பக்கம் வளைந்துகொண்டே போகும். தேடி எடுக்கத் தனியாக ஆள் போட வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஓசூர் ரோடு முழுக்கக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். அதில் வேலை பார்த்த பையன்களுக்கும் பெண்களுக்கும் திடீரென்று கோல்ஃப் ஆசை பிடித்தது. அடுகோடியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஜெயராமன் அதை மோப்பம் பிடித்துவிட்டான். ஒருநாள் டீக்கடையில் இருவரையும் உட்காரவைத்துப் பேச்சை எடுத்தான்.

“அண்ணா, ஒரு சிடி போடப் போறேன். வீட்டுல உக்காந்தே கோல்ஃப் கத்துக்கலாம். இங்கிலீஷ்ல பேசறதுக்கு ஆள் ரெடி. அடிச்சிக் காட்டறதுக்கு நம்ம ஆளு ஒருத்தர் வேணும்.”

மதலைமுத்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிகு பண்ணாமல் உடனே சரி என்று சொல்லலாமா என்று யோசித்தார்.

“ஷங்கரப் போடலாம்னு இருக்கேன். கேமராவுக்கு அவன்தான் சக்கத்தா, ஹீரோ கணக்கா இருப்பான்” என்றான் ஜெயராமன்.

“நல்லது. நல்லா பண்ணுங்க” என்றார் மதலைமுத்து. மிச்ச டீயைக் குடிக்காமல் எழுந்தார்.

வாரம் திரும்புவதற்குள் ஜெயராமன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“ஒரு உதவி அண்ணா. கோவிச்சுக்கக் கூடாது. ஷங்கர் சுத்தறது படம் மாதிரி கீது. பந்துதான் கொடிகிட்ட போவமாட்டேங்குது. காலையிலேருந்து எடுத்துப் பாத்துட்டேன், ஒண்ணுகூட உருப்படல. கேமரா அவன்மேல இருக்கறப்ப பந்து எங்க போச்சுன்னு எவனுக்குத் தெரியும்? கொடிகிட்ட பந்து வந்து விழறத மட்டும் தனியா எடுத்து ஒட்டிடறேன். அந்தப் பந்த நீ அடிச்சிக் குடு.”

“அப்போ மூஞ்சி அவனுது, பந்து என்னுதா?”

“சினிமால ஹீரோவா பாடறான்? எவனோ பாடறான், இவன் வாயசைக்கறான். அதே கதைதான், குரு.”

வந்த கோபத்துக்கு அவனைத் தெருவுக்குத் துரத்தியிருக்கலாம். ஆனால் துரத்தினால் என்ன ஆகும்? ‘மதலைமுத்துவுக்கு ஷங்கர்மேல் பொறாமை’ என்று மறுநாளே கேடிகள் அத்தனை பேரும் பேசுவார்கள். அந்த ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒத்துக்கொண்டார். வெளியே மூச்சு விடக் கூடாது என்று ஜெயராமன் கேட்க, மாதா மேல் சத்தியமும் செய்து கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஜெயராமன் கொடிக்குப் பக்கத்தில் கேமராவை வைத்துக் குத்தவைத்து உட்கார்ந்தான். தூரத்தில், படத்தில் தெரியாத இடத்தில், மதலைமுத்து. அவருக்குப் பின்னால் ஷங்கர், ஜெயராமன் வாங்கிக் கொடுத்த புதுத் தொப்பியும் வெள்ளை பேண்டுமாக. முதல் பந்து கொடிக்கம்பை உரசி நின்றது. இரண்டாவது முதல் பந்தின்மேல் முட்டியது. மூன்றாவதும் அங்கேயே போய்ப் படுத்தது.

“போதும் அண்ணா! ஒண்ணு மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடு, அப்பத்தான் ஜனங்க நம்புவாங்க” என்று அங்கிருந்து கத்தினான் ஜெயராமன்.

“தள்ளிப் போறது எனக்கு வராது. அது வேணும்னா அவனக் கேளு” என்றார் மதலைமுத்து.

ஷங்கர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிடி வந்தது. அட்டையில் ஷங்கர் ஸ்டிக்கைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான். ஜெயராமன் கம்பெனி வாசல்களில், விளையாட்டுச் சாமான் கடைகளில், பந்து அடித்துப் பழகும் இடங்களில் எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தான். சூடாக விற்றது. திருட்டுப் பிரதி வருகிற அளவுக்கு விற்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மதலைமுத்துவிடம் பழகுகிறவர்களே, அவர் சொல்லிக்கொடுக்கும்போது குறுக்கே, “ஷங்கர் சார் சிடில வேற மாதிரி சொல்றாரே” என்றார்கள். பையைத் தூக்கிய காலத்தில் எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள், அதெல்லாம் தோலோடு போனது. இது உள்ளே போய்த் தைத்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி ஜோசஃபின் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிவைத்துச் சிடியைப் போட்டுக் காட்டினாள்.

“பாருய்யா, எவ்ளோ பதவிசா அடிக்கறான். பந்து போய்ப் பூனக்குட்டி மாதிரி உக்காருது பாரு. நீயும் அடிக்கறியே, பாம்ப அடிக்கற மாதிரி.”

அந்தப் பூனைக்குட்டியைப் பெற்றவன் நான்தானடி என்று நாக்கு நுனிவரை வந்தது. மாதா படம் எதிரிலேயே தொங்கியது. விழுங்கிக்கொண்டார்.

அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு நாள் பீரோக் கண்ணாடி முன்னால் குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு ஷங்கர் நிற்கிற மாதிரி நின்று பார்த்தார். இடுப்பைத் திருப்பினார், முகவாயைத் தூக்கினார். கண்ணாடியில் தெரிந்தது பஸ்ஸைத் தவறவிட்ட ஆள்தான். அதற்குள் திரும்பி வந்து கதவருகே நின்றிருந்த ஜோசஃபின் பையைக் கீழே வைத்துவிட்டு, “முதுகு புடிச்சிக்கிச்சா, தைலம் தடவட்டுமா?” என்று கேட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் பொம்மனஹள்ளி தாண்டி ஒரு புதுப் பயிற்சித் திடல் திறக்கப் போவதாகச் சேதி வந்தது. வீடுகள் கட்டி விற்கும் கோவிந்தராஜன் என்பவருடையது. ஹெட் கோச் ஒருவர் வேண்டும், வாசல் போர்டில் பெயர் போடுவார்கள். மதலைமுத்துவுக்கு அந்தப் போர்டு தூக்கத்திலும் தெரிந்தது. எத்தனை வருஷம் ‘ஏய் கேடி’ என்கிற பெயரில் வாழ்ந்தவர்! முதல் ஆளாகப் போய்ப் பார்த்தார். கோவிந்தராஜனும் தட்டிக் கழிக்கவில்லை. ஆனால் பேச்சோடு பேச்சாக, “சிடில வர்றாரே, அவரையும் கூப்பிட்டிருக்கேன்” என்றார்.

“சார், சிடிய நம்பாதீங்க. ரெண்டு பேரையும் ஒரே இடத்துல நிக்கவெச்சி அடிக்கச் சொல்லுங்க. பந்து பொய் சொல்லாது” என்றார் மதலைமுத்து.

கோவிந்தராஜனுக்கு அது பிடித்துப்போயிற்று. திறப்பு விழாவன்றே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அன்றைக்கு மதலைமுத்து பூசைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். பேண்டு வாத்தியம், சாமியானா, கம்பெனி ஆட்கள் கூட்டம். திடலின் இரண்டு பக்கமும் வலை. எதிரே நூற்றைம்பது கஜத்தில் ஒரு தகரப் போர்டு. அந்தப் போர்டுதான் குறி.

முதலில் ஷங்கர். அவன் ஸ்டிக்கை மாற்றி மாற்றி எடுத்ததை மதலைமுத்து ஒருவர்தான் பார்த்தார். பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்தார். ‘சுத்துடா தம்பி, இன்னிக்கி ஒட்டறதுக்கு ஜெயராமன் இல்ல’ என்று நினைத்துக்கொண்டார்.

ஷங்கர் சுழற்றினான். ஆற்று நீர் மாதிரி ஒரு சுழற்றல். பந்து கிளம்பியது, வலது பக்கம் வளைந்தது, வலையைத் தாண்டி அடுத்த மனையில் பாதி எழும்பியிருந்த கட்டடத்துக்குள் போய் மறைந்தது. மதலைமுத்து மகிழ்ச்சியோடு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

ஒருத்தர் தலைகூடப் பந்து போன பக்கம் திரும்பவில்லை. அத்தனை கண்ணும் ஷங்கர்மேல். அவன் ஸ்டிக்கைத் தோளுக்குப் பின்னால் போட்டபடி, சிடி அட்டையில் இருந்த மாதிரியே நின்றுகொண்டிருந்தான். ஃபோட்டோ வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

பிறகு மதலைமுத்து. முழங்கை விரிந்தது, பல் தெரிந்தது, அறைந்தார், ஒற்றைக் காலில் தத்தினார். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நூற்றைம்பது கஜத்துக்கு அப்பால் தகரம் ‘டணார்’ என்றது.

“அது என்ன சத்தம்?” என்று கேட்டாள் ஷில்பா என்கிற கம்பெனிப் பெண்.

“பக்கத்துல பில்டிங் வேலை நடக்குது மேடம்” என்றார் கோவிந்தராஜன்.

வாசல் போர்டில் ஏறியது ஷங்கரின் பெயர்.

மதலைமுத்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். பின்னால் செருப்புச் சத்தம். ஷங்கர்தான், கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தான்.

“பந்து எங்க போச்சுன்னு பாத்தல்ல அண்ணா?”

“பாத்தேன்.”

“நீயும் நானும்தான் பாத்தோம்.” மூச்சு வாங்கியது அவனுக்கு. “ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்க வீட்டுல அந்த சிடியப் போட விடறதில்ல நான். நான் சுத்தறது வரைக்கும் பாத்துருவேன். அப்புறம் உன் பந்து வந்து விழும் பாரு, அப்ப வயிறு பத்திக்கிட்டு எரியும். அந்த ஒரு பந்து என் கையால விழுந்திருந்தா, இந்தத் தொப்பி, போர்டு ஒண்ணும் வேணாம்னு போயிருப்பேன். நீ செத்தா நல்லாருக்கும்னுகூட ஒருநாள் நெனச்சேன் அண்ணா.”

“ஓகோ” என்றார் மதலைமுத்து. வந்து நின்ற வண்டியில் ஏறினார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சில்க் போர்டு சிக்னலில் வண்டி வெகுநேரம் நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை. எரிந்திருக்கிறது! தனக்கு எரிந்த மாதிரியே அவனுக்கும் எரிந்திருக்கிறது! செத்தால் நன்றாயிருக்கும் என்கிற அளவுக்கு!

வீட்டில் ஜோசஃபின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள். சோற்றைப் போட்டாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

“போர்டுல பேரு எப்போ எழுதறாங்க?”

“எழுதிட்டாங்க. ஷங்கர் பேரு.”

“பின்ன எதுக்கு இந்தச் சிரிப்பு?”

“அவனுக்கு என்மேல பொறாமையாண்டி. அவன் வாயாலயே சொன்னான். அந்த சிடில விழற பந்து என்னுது. நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுச் சொல்லல. அவனே சொல்லிட்டான்.”

ஜோசஃபின் கரண்டியைக் கீழே வைத்தாள். “யார் யார் இருந்தாங்க சொல்றப்ப?”

“நானும் அவனும்.”

“ரெண்டு பேரு இருந்த எடத்துல சொன்னத வெச்சிக்கினு ஊரு நம்புமா? நாளைக்கி இல்லன்னுட்டா?”

கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. அவள் கேட்டதில் ஒரு பிசகும் இல்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பொம்மனஹள்ளி பஸ் பிடித்தார். புதுத் திடலில் ஷங்கரைச் சுற்றிப் பெரிய கூட்டம். நேராக நடுவில் போய் நின்றார்.

“நேத்து என்கிட்ட சொன்னத இவங்க முன்னாடி சொல்லு.”

ஷங்கரின் முகம் வெளுத்தது. இல்லை என்று சொல்லப் போகிறான் என்றுதான் மதலைமுத்து நினைத்தார், அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார். ஆனால் ஷங்கர் தொப்பியைக் கழற்றினான்.

“இவர் எங்க அண்ணா, மதலைமுத்து. சிடில கொடிகிட்ட விழுதே, அந்தப் பந்தெல்லாம் இவர் அடிச்சது. எனக்கு அப்படி அடிக்க வராது.”

கூட்டத்தில் அஷ்வின் என்கிற பையன் மெதுவாகக் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

“எவ்ளோ பெரிய மனசு சார் உங்களுக்கு! சீனியரை எப்படி மரியாதை பண்றீங்க!” என்றாள் ஷில்பா. “நேத்து நாங்க பார்த்தோமே, நீங்க எப்படி அடிச்சீங்கன்னு. இவ்ளோ அடக்கம் எனக்கெல்லாம் வராது.”

“இல்ல மேடம், நெசமாதான்...” என்று இழுத்தான் ஷங்கர். அவன் இழுக்க இழுக்கக் கைதட்டல் கூடியது. அங்கேயே இரண்டு பேர் அவனிடம் சிடி கேட்டு வாங்கினார்கள். ஒரு பெரியவர் மதலைமுத்துவின் தோளைத் தட்டி, “குடுத்துவெச்சவர் நீங்க, இப்படி ஒரு தம்பி கிடைக்க” என்றார்.

மதலைமுத்து வெளியே வந்தார். உண்மையைச் சொல்லியும் பேர் அவனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஓசூர் ரோட்டு வெயிலில் நின்றபடி, அவன் பொய்யனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார். அடுகோடி பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் ஏறவில்லை. உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.