உப்பில்லாத ஈரல்

காலை ஆறே கால். மொட்டை மாடிக்கு ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது என் கொசுவலை. முந்தைய இரவு அதைத் தேடிக் கிடைக்காமல், கை கால் முழுக்கக் கடிபட்டு எழுந்திருந்தேன். அது நாடாக் கட்டிலின் மேல் கூடாரம்போலக் கட்டப்பட்டிருந்தது. உள்ளே, அம்மா வடகம் போடும் வெள்ளைத் துணியில், கோழி ஈரல் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஸ்கேல் வைத்து அந்த வரிசையை நேராக்கிக்கொண்டிருந்தார் சித்தப்பா. ஸ்கேலும் என்னுடையது.

"வலை இல்லாட்டி ஈ மொய்க்குது இல்ல?" என்றார், ஈயை நான்தான் வளர்த்து விட்டதுபோல.

அது கோடை விடுமுறை. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருந்தேன். சென்னையில் வேலை பார்த்த சித்தப்பா, திடீரென்று ஒருநாள் ஒரு லாப்ரடார் நாயோடு திருத்தணிக்கு வந்து இறங்கினார். அதன் பெயர் டாஃபி. "ஆபீஸ் ஃபிரெண்டோட நாய். அவங்க வெளியூர் போயிருக்காங்க. வந்து கூட்டிகினு போயிடுவாங்க" என்றார். "யாரு அந்த ஃபிரெண்டு?" என்று அம்மா கேட்டதும், செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார்.

டாஃபிக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. உப்பு ஆகாது. சென்னையில் ஏதோ ஒரு கடையில் விற்கும் உலர்ந்த ஈரல் துண்டுகளைக் காட்டினால்தான் சோற்றில் வாய் வைக்கும். கொண்டுவந்த பாக்கெட் தீர்ந்ததும் அது பட்டினி கிடக்கத் தொடங்கியது. பிஸ்கட் போட்டோம், பால் வைத்தோம், முட்டை வைத்தோம். ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. "இப்பிடியே திருப்பிக் குடுத்தா நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு பேசறது?" என்று சித்தப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு போனில் நாள் முழுக்கப் பார்த்து, ஈரலை வேகவைத்து, மெல்லிசாகச் சீவி, துளி ஈரம் இல்லாமல் காய வைத்தால் அதே தின்பண்டம்தான் என்று கண்டுபிடித்தார். அதற்கென்று மின்சாரப் பெட்டி இருக்கிறதாம். எங்களிடம் இருந்தது வெயில்.

முதல் முறை, ஒரு குரங்கு வந்து வலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போய்விட்டது. அது தூக்கிவிட்ட இடம் வழியாகக் காக்கைகள் உள்ளே போய் எல்லாவற்றையும் சாப்பிட்டன. வெளியே வரத் தெரியாமல் அவை கொத்திக் கிழித்ததில், வலையில் என் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை.

இரண்டாம் முறை, சித்தப்பா மதியம் தூங்கிய நேரத்தில் அம்மா மாடிக்குப் போனார். மணவூரில் அவர் பிறந்த வீட்டில் உப்புக்கண்டம் போட்டுப் பழக்கம். உப்பில்லாமல் கறி காய்வதைப் பார்க்க அவர் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. கல் உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுப் பிசறிவிட்டு இறங்கிவந்தார்.

"அண்ணி! நாய்க்கு உப்பு ஆவாதுன்னு தலப்பாடா அடிச்சிகினேனே!"

"உப்பு போடாம வெச்சா புழு வெச்சிடும்பா. அப்புறம் புழுவையா தின்னும் உன் நாயி?"

"தோசைக்கல்லுல சிம்ல வெச்சி ஈரத்தை எடுத்துடுவேன் அண்ணி."

"என் தோசைக்கல்லுலயா?"

சண்டை அங்கிருந்து தோசைக்கல்லுக்குத் தாவியது. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் அரக்கோணத்தில் வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கியதும், சண்டைக்குக் காரணமான தட்டைப் பார்த்தார். எண்ணெயில் பொரிக்கச் சொல்லி, ரசம் சோற்றோடு முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தார். "நாய்க்கே இவ்ளோ ருசியா செய்யறானே!" என்றார். டாஃபி அன்றும் பட்டினி.

மூன்றாம் முறை ஈரல் பாதி காய்ந்திருந்தபோது கிருத்திகை வந்துவிட்டது. அன்று எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கறி இருக்காது. அதிலும் எங்கள் மாடியில் நின்றால் மலைக்கோயில் நேர் எதிரே தெரியும்.

"சாமி பாக்கற எடத்துல ஈரலா? எடு அத" என்றார் அம்மா.

"தூக்கிப் போட்டுட்டா நாய் செத்துப் போவும் அண்ணி." சித்தப்பாவின் குரல் உடைந்திருந்தது. ஒரு நாய்க்காக இவ்வளவா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அம்மா நாயைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவை, கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "தண்ணி டேங்குக்கு பின்னால வெய்யி. அங்கேந்து மலை தெரியாது."

"முருகனுக்குத் தெரியாதா?" என்று நான் கேட்டேன்.

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. கண்ணுல படக்கூடாது, அவ்ளோதான்."

தெருவில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. மேளம் கேட்டது, அரோகரா கேட்டது. நான் எதையும் பார்க்கவில்லை. காக்கை ஓட்டும் குச்சியோடு, மலையும் தெரியாத, தெருவும் தெரியாத டேங்குக்குப் பின்னால் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். மாலையில் சித்தப்பா ஒரு துண்டை எடுத்து முறித்தார். அப்பளம்போல உடைந்தது. டாஃபி அதை மென்றது, இன்னொன்று கேட்டது, அப்புறம் சோற்றையும் சாப்பிட்டது. சித்தப்பா படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஃபிரெண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு பெண். டாஃபி அவர்மேல் பாய்ந்து தாவியது. அவர் அதன் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா சாப்பிட்டிருக்கான்" என்று சித்தப்பாவைப் பார்க்காமல் சொன்னார். அம்மா காப்பி கொடுத்தார். சித்தப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஈரல் துண்டுகளை நீட்டினார்.

அந்தப் பெண் ஒன்றை எடுத்து, நாய்க்குக் கொடுப்பதற்கு முன், தானே நுனியைக் கடித்துப் பார்த்தார்.

"உப்பு போடல" என்றார்.

"நீ சொன்னியே" என்றார் சித்தப்பா.

"ஆங், நாங்கூட போட்டுத்தான் பாத்தேன். இவன் உட்டாத்தானே!" என்றார் அம்மா. யாரும் சிரிக்கவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நாயின் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு, "வரேங்க" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டேஷன்வரை நானும் வரட்டுமா என்று கேட்டுக்கொண்டே சித்தப்பா ஆட்டோவரை நடந்தார். ஆட்டோ கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றிருந்தார்.

எனக்கோ ஒரே சந்தோஷம். கொசுவலையைத் துவைத்து, ஓட்டையைத் தைத்து, அன்றிரவே கட்டிக்கொண்டேன். நாய் போய்விட்டது, தொல்லை விட்டது.

அதற்கடுத்த ஞாயிறு காலை விழித்தபோது தலைக்கு மேல் வலை இல்லை. மாடிக்கு ஓடினேன். கட்டிலின் மேல் வலை, வலைக்குள் வெள்ளைத் துணி. சித்தப்பா ஈரல் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில், கழுவிக் கவிழ்த்த இன்னொரு ஹார்லிக்ஸ் பாட்டில்.

"நாய்தான் போயிடுச்சே!" என்று கத்தினேன். "யாருக்கு இது?"

அவர் அடுத்த ஈரலை எடுத்துச் சீவினார். பின்னாலேயே ஏறிவந்த அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்து, "கீழ போடி" என்றார். படியில் இறங்குவதுபோல் இறங்கி, திரும்பி எட்டிப் பார்த்தேன். அம்மா சித்தப்பாவின் எதிரில் உட்கார்ந்து, அவர் சீவிப்போட்ட துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் பரப்பினார்.

உப்புப் போடவில்லை.