பொத்தேரியில் அரைப் பெட்டி

1. தாண்டி நின்ற நாள்

பொத்தேரியில் என் வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டி அரைப் பெட்டி தூரம் போய் நின்றது. காலை நேரம், வண்டி நிறைய காலேஜ் பிள்ளைகள். புது ஏ.சி. ரேக்கில், அதாவது புது மின்சார ரயிலில், எனக்கு அன்றைக்குத்தான் செக் ரன், ஓட்டிக் காட்டும் பரீட்சை. பக்கத்தில் லோகோ இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் அவர் கையெழுத்துப் போட்டால்தான் இனி நான் லைனில் ஓட்ட முடியும். பழைய ரேக்குகளை ஒவ்வொன்றாக லைனிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் போடவில்லை என்றால், யார்டில் காலி வண்டியை முன்னே பின்னே தள்ளிக்கொண்டே ரிடையர் ஆக வேண்டியதுதான். இருபது வருஷம் செங்கல்பட்டு – பீச் லைனில் மோட்டார்மேனாக ஓட்டியவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பழைய வண்டியில் இது ஒரு சமாசாரமே இல்லை. கதவு திறந்தே கிடக்கும். வாசலில் தொங்குகிறவன் கீழே பார்த்து, “பிளாட்பாரம் இல்லடா, பின்னாடி போ” என்று கத்துவான். ஜனங்கள் நகர்ந்துபோய் இறங்கிவிடுவார்கள். புது வண்டியில் கடைசிப் பெட்டியில் இருக்கிற கார்டு ஒரு பட்டனை அழுத்தினால், எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள், கதவு திறந்தால் கீழே தரை இருக்கும் என்று நம்பிக் காலை வைப்பார்கள்.

அதனால்தான் ரூல் இருக்கிறது. வண்டி தாண்டிவிட்டால் மோட்டார்மேன் உடனே கேபின் போனை எடுத்து, ‘திறக்காதே’ என்று கார்டிடம் சொல்ல வேண்டும். டிரெயினிங்கில் படித்தேன், பரீட்சையில் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். ஆனால் அன்றைக்குப் போனை எடுக்கவில்லை. ‘ஐயோ, இன்ஸ்பெக்டர் பார்த்துட்டாரே’ என்பது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. மூன்று வினாடி, நான்கு வினாடி இருக்கும். கடைசிப் பெட்டியில் இருந்த கார்டு மதியழகன் அண்ணனுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது. பட்டனை அழுத்திவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கேபின் கதவைத் தள்ளிக்கொண்டு பயணிகள் பக்கம் பாய்ந்தார். முதல் வாசலில் காதில் இயர்போனோடு ஒரு பெண். ஒரு கால் வெளியே அந்தரத்தில். அவள் முதுகுப் பையைப் பிடித்து அவர் இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் உள்ளே விழுந்தார்கள்.

“இன்னா சார் நீங்க! கை வெச்சு இழுக்கிறீங்க!” என்று கத்தினாள். பிறகு கீழே பார்த்தாள். ஆள் உயரப் பள்ளம், கருங்கல் ஜல்லி. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தாண்டறது யாருக்கும் வரும் மேடம். போனை ஏன் எடுக்கல?”

“பயந்துட்டேன் சார்.”

“எதுக்கு?”

“உங்களுக்குத்தான்.”

நோட்டை மூடி வைத்துவிட்டார். “இன்னும் ஒரு செக் ரன்தான் தருவாங்க” என்றார்.

மதி அண்ணன் மேல் தப்பில்லை, நான்தான் சொல்லவில்லை என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். அவர் அதற்கும் திட்டினார். “இன்னாமா விஜயா, நீ பாட்டுக்கு உன் தலையிலயே மண்ணைப் போட்டுக்கினு கீறே?”

“உன் தலையில போடச் சொல்றியாண்ணே?” என்றேன்.

2. பிடி, விடு, பிடி

வண்டி ஏன் தாண்டியது? என் கையால்தான். பழைய ரேக்கில் பிரேக்கைப் பிடிக்க வேண்டும், விட வேண்டும், திரும்பப் பிடிக்க வேண்டும். இருபது வருஷம் அதையே செய்து கை அதிலேயே ஊறிவிட்டது. புது வண்டியில் முதலில் மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடிக்கும், அதில் கிடைக்கிற கரண்டும் லைனுக்கே திரும்பிப் போகும். முழுசாக விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தால், அது மறுபடி இழுக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் அரைப் பெட்டி. இதில் ஒரே தடவை பிடித்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். புத்திக்கு ஒரு நாளில் புரிந்துவிட்டது, பாழாய்ப்போன கை கேட்டால்தானே!

வீடு திருக்கழுக்குன்றத்தில். அங்கிருந்து செங்கல்பட்டுக்கு ஸ்கூட்டியில்தான் டியூட்டிக்கு வருவேன். அதில் பழகுவது என்று முடிவு செய்தேன். எந்த வேகத்தடையாக இருந்தாலும், எந்த மாடு குறுக்கே வந்தாலும், தூரத்திலேயே பிடிப்பது, விடாமல் குறைப்பது, நினைத்த கோட்டில் நிற்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திருவிடந்தைக் கோயிலுக்குப் போனேன். அவர் மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் நான் ஓட்டிய லட்சணத்தில் சைக்கிள்காரன்கூட எங்களைத் தாண்டிப் போனான்.

“இன்னாமே இது? பொணத்தைத் தூக்கிக்கினு போறாப்ல கீது!”

“யோவ், வாயை மூடிக்கினு குந்து. ஸ்டேஷன் வருது.”

“எங்க ஸ்டேஷனு?”

“அந்த இளநிக் கடை.”

கடை வாசலில் வெள்ளைக் கோடு மாதிரி தண்ணீர் பைப் கிடந்தது. முன் சக்கரம் சரியாக அதன்மேல் நின்றது. வாய் நிறைய சிரித்தேன். இளநீர்க்காரன், “எத்தினி வெட்டட்டும்?” என்றான். ஒன்றும் வேண்டாம் என்று கிளம்பியதற்கு அவன் திட்டியது வேறு கதை.

ரெஸ்ட் நாளிலும் வீட்டில் இருக்கவில்லை. புது வண்டியில் ரயில்வே பாஸில் ஏறி, முதல் பெட்டியில் கேபினை ஒட்டி நின்று, பரனூரில் எங்கே வேகம் குறைகிறது, மறைமலை நகரில் எங்கே குறைகிறது என்று காலாலேயே கணக்குப் பார்த்தேன். யார்டுக்குப் போக மாட்டேன், அவ்வளவுதான்.

3. தூறல்

இரண்டாவது செக் ரன் அன்று காலையிலிருந்தே தூறல். அதே இன்ஸ்பெக்டர், கார்டும் அதே மதி அண்ணன். பரனூர், சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர், காட்டாங்குளத்தூர், எல்லா இடத்திலும் வண்டி, அது நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் போர்டுக்கு நேராக நின்றது. எனக்கு மட்டும் தெரியும், என் கை ஒரு தடவைகூட முழுசாக விடவில்லை.

பொத்தேரி வந்தது. தூரத்திலேயே பிடித்தேன். குறைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் லேசாக வழுக்கியது. பன்னிரண்டு பெட்டி வண்டிக்கான போர்டு என் ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. நின்ற இடத்தில், எனக்குப் பக்கத்தில் பிளாட்பாரத்தின் சரிவு. பின்னால் முதல் வாசல் பிளாட்பாரத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? என் சீட்டிலிருந்து தெரியவில்லை. உள்ளேயும் இருக்கலாம். பேசாமல் இருந்தால் பாஸும் ஆகலாம்.

போனை எடுத்தேன். “அண்ணே, திறக்காதீங்க! போர்டைத் தாண்டிட்டேன்!”

“திறக்கலமா.”

அடுத்த வினாடியே உள்ளே ரகளை. கேபின் சுவரைத் தட்டினார்கள். “கதவைத் தொற!” “எக்ஸாம் கீது!” “தூங்கிட்டாங்களா?” இன்ஸ்பெக்டர் எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“வாசல் பிளாட்பாரத்துக்கு உள்ளதான் மேடம் இருக்கு. நல்லாவே இருக்கு. திறக்கச் சொல்லுங்க.”

சொன்னேன். கதவுகள் திறந்தன. போச்சு, தாண்டியும் ஆச்சு, வீணாக லேட்டும் ஆச்சு என்று நினைத்தேன். அழுகிற ஆள் இல்லை நான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், அவர் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“தாண்டிட்டேனே சார்?”

“தாண்டினீங்க. நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே போன்ல சொல்லிட்டீங்க.”

புதுசாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வண்டி மாறும், பிரேக் மாறும், கையும் சில மாதத்தில் படிந்துவிடும். தப்பு செய்த அந்த வினாடியில் வாய் திறக்கப் பழகுவதுதான் கஷ்டம். பக்கத்தில் பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தால் இன்னும் கஷ்டம். அதைப் பழகாதவர்கள் தயவுசெய்து என் லைனுக்கு வராதீர்கள்.

அன்றைக்கு இறங்கியவர்களில் பத்துப் பேராவது தூறலில் நனைந்துகொண்டே என் ஜன்னலுக்கு வந்து திட்டிவிட்டுத்தான் போனார்கள். ஒரு பையன், “வண்டி ஓட்டத் தெரியலன்னா வூட்ல கிட” என்றான். வேறு நாளாக இருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு அவர்கள் கால்களை மட்டும் பார்த்தேன். எல்லாக் காலும் பிளாட்பாரத்தில் இருந்தது.